வார்டில் கிருமி எப்படிப் பரவுகிறது, எங்கே தடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார்டுக்குப் புதிதாக வரும் செவிலியர்களும் பயிற்சி மாணவிகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. சில கேள்விகள் நோயாளிக்குத் துணை இருப்பவர்கள் கேட்டவை. கேட்ட விதத்திலேயே எழுதியிருக்கிறோம். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் மறுபடி சொல்லவில்லை; எண்ணைப் பார்த்து மேலே போய்ப் படித்துக்கொள்ளலாம்.

1. கிருமி மேல பட்டாலே நோய் வந்துடுமா சிஸ்டர்?

வராது. கிருமி ஒருவர் உடம்பை விட்டு வெளியே வர வேண்டும்: சளி, மலம், சிறுநீர், சீழ், ரத்தம் என்று ஏதாவது ஒன்றில். அதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க ஏதாவது ஒன்று வேண்டும். உள்ளே நுழைய ஒரு வழியும் வேண்டும். எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பாக இருந்தால் அதற்கு இன்னும் வசதி. இதில் எந்த இடத்தில் அறுத்தாலும் பரவல் நின்றுவிடும்.

வார்டில் நுழையும் வழியைப் பெரும்பாலும் நாமே திறந்துவைக்கிறோம்: கேனுலா (ரத்தக்குழாயில் போடும் மெல்லிய குழாய்), யூரின் கதீட்டர் (சிறுநீர்க் குழாய்), டிரக்கியாஸ்டமி (மூச்சுக்காகக் கழுத்தில் போடும் துளை), தையல் போட்ட காயம். கொண்டுபோய்ச் சேர்ப்பதும் பெரும்பாலும் நம் கைதான். அதனால் கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் கையையும் குழாய்களையும் பற்றியே இருக்கும்.

2. தொடுதல், துளி, காற்று என்று மூணு வழி சொல்றாங்க. எந்த நோய் எதுல?

தொடுதல் வழி: எம்ஆர்எஸ்ஏ (பல ஆன்டிபயாடிக்குக் கட்டுப்படாத ஸ்டாஃபிலோகாக்கஸ்), மருந்துக்குக் கட்டுப்படாத கிளெப்சியல்லா போன்ற பாக்டீரியாக்கள், வயிற்றுப்போக்குக் கிருமிகள், சொறி சிரங்கு. துளி வழி: இன்ஃபுளுயன்சா, தொண்டை அடைப்பான், கக்குவான். இருமும்போது தெறிக்கும் துளிகள் ஒன்றிரண்டு மீட்டருக்குள் விழுந்துவிடும் என்பது இதன் அடிப்படை. காற்று வழி: நுரையீரல் காசநோய், தட்டம்மை, சின்னம்மை. தட்டம்மை வைரஸ், நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை காற்றில் இருக்கும்.

துளிக்கும் காற்றுக்கும் நடுவே கோடு கிழித்த மாதிரி எல்லை கிடையாது. கொரோனாவுக்குப் பிறகு, 2024இல் உலக சுகாதார நிறுவனமே அப்படிக் கறாராகப் பிரிக்கும் பழைய வழக்கத்தைத் தளர்த்திவிட்டது. சாதாரணமாகத் துளியில் பரவும் நோயும், மூச்சுக்குழாயில் டியூப் போடும்போதோ, திறந்த முறையில் சளியை உறிஞ்சி எடுக்கும்போதோ (சக்ஷன்) நுண்துகளாகக் காற்றில் கலக்கும். அந்த வேலைகளுக்கு என்95 போடச் சொல்வது இதனால்தான்.

3. என்ன நோய்னே தெரியாத ஆளுக்கு எந்த முறையைக் கடைப்பிடிக்கிறது?

எல்லா நோயாளிக்கும் பொதுவான முன்னெச்சரிக்கை ஒன்று உண்டு. ரத்தம், உடல் திரவம், புண்பட்ட தோல், வாய், மூக்கு, கண் எதைத் தொட்டாலும் கிளவுஸ், தெறிக்கும் வேலை என்றால் மாஸ்க், கண்ணாடி, ஏப்ரன், ஊசி முனையைக் கவனமாகக் கையாளுவது, கை சுத்தம். ‘பாசிட்டிவ்’ என்று சீட்டு வந்த பிறகு மட்டும் கவனமாக இருப்பது ஆபத்தான பழக்கம். 2018இல் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் வந்தபோது தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்கு மருத்துவமனைக்குள்தான் தொற்றியது. முதலில் வந்தவருக்கு நிபா என்று அப்போது யாருக்கும் தெரியாது.

4. கையை எப்பெப்போ கழுவணும்? நாள் முழுக்க அதே வேலையா இருக்கே.

ஐந்து தருணங்கள்: நோயாளியைத் தொடுமுன், ஊசி, டிரெஸ்ஸிங், கதீட்டர் போன்ற சுத்தமான வேலைக்கு முன், ரத்தமோ திரவமோ பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவர் கட்டில், லாக்கர், டிரிப் ஸ்டாண்டு ஆகியவற்றைத் தொட்ட பின்.

முதல் இரண்டும் நோயாளியைக் காப்பாற்ற. பின் மூன்றும் நம்மையும் அடுத்த படுக்கைக்காரரையும் காப்பாற்ற. எல்லா வார்டிலும் விட்டுப்போவது முதல் இரண்டுதான். வேலை முடிந்ததும் அருவருப்பில் கை தானாகக் குழாய்க்குப் போய்விடும். தொடுமுன் அப்படி ஒரு உந்துதல் இருக்காது. இரண்டாவது தருணம் இன்னும் நுணுக்கம். கை சுத்தம் செய்துவிட்டு டிராலியைத் தள்ளி, ஸ்கிரீனை இழுத்து, நோயாளியின் போர்வையை விலக்கி, அப்புறம் கேனுலாவைத் தொட்டால் கழுவியது வீண். எல்லாவற்றையும் ஒழுங்கு செய்த பிறகு, கேனுலாவைத் தொடும் கணத்துக்கு முன் ஹேண்ட்ரப் (கையில் தேய்க்கும் ஆல்கஹால் மருந்து) போட வேண்டும். அதற்குத்தான் பாட்டிலை டிராலி மேலேயே வைக்கச் சொல்கிறோம்.

5. ஹேண்ட்ரப் போதுமா, சோப்புதான் போடணுமா?

கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ ரத்தமோ இல்லையென்றால் ஹேண்ட்ரப்தான் நல்லது. வேகமும் அதிகம், கொல்லும் திறனும் அதிகம். உள்ளங்கைக் குழி நிறைய எடுத்து, காயும்வரை 20 முதல் 30 நொடி தேய்க்க வேண்டும். இரண்டு சொட்டு போட்டுத் துடைத்துக்கொள்வதில் பயனில்லை. தவறவிடும் இடங்கள் எப்போதும் ஒன்றே: கட்டைவிரல், விரல் நுனி, விரல் இடுக்கு. மோதிரமும் வளையலும் இருந்தால் அவற்றின் அடியில் மருந்து போகாது.

கை அழுக்காக இருந்தால், கழிப்பறைக்குப் போய் வந்தால், வயிற்றுப்போக்கு நோயாளியைக் கவனித்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும், 40 முதல் 60 நொடி. வயிற்றுப்போக்கு தரும் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் கிருமியின் ஸ்போரை (கெட்டி ஓட்டுக்குள் உறங்கும் வடிவம்) ஆல்கஹால் கொல்லாது; தேய்த்துக் கழுவித்தான் அகற்ற முடியும். துடைக்க எல்லோருக்கும் ஒரே துண்டு தொங்கினால் கழுவியதே கெட்டுவிடும். ஒரு பேசினில் டெட்டால் தண்ணீர் வைத்து எல்லோரும் கை முக்குவது அதைவிட மோசம். அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

6. கை வெடிச்சு எரியுது, என்ன பண்றது?

பெரும்பாலும் சோப்பு, ஹேண்ட்ரப் இரண்டையும் அடுத்தடுத்துப் போடுவதால் வருவது. ஒன்று போதும். வெந்நீர் வேண்டாம். கை முழுதும் காயுமுன் கிளவுஸ் மாட்ட வேண்டாம். டியூட்டி முடிந்ததும் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். வெடிப்பில் ரத்தம் கசிந்தால் வாட்டர்ப்ரூஃப் பிளாஸ்டர் ஒட்டாமல் வேலையில் இறங்காதீர்கள்.

7. கிளவுஸ் போட்டிருக்கேனே, அப்புறம் எதுக்குக் கை கழுவணும்?

கிளவுஸில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம். கழற்றும்போது வெளிப்புறம் மணிக்கட்டில் படும். உள்ளே வியர்வையில் கிருமி பெருகும். அதனால் போடுமுன்னும் கழற்றிய பின்னும் கை சுத்தம் வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல், ஒரே ஜோடியோடு படுக்கை படுக்கையாகப் போவது. வெறும் கையில் பிசுபிசுப்புத் தெரிந்தால் கழுவத் தோன்றும். கிளவுஸ் அந்த உணர்வையே எடுத்துவிடுகிறது. அதே கிளவுஸோடு கேஸ் ஷீட் எழுதி, போன் எடுத்து, கதவுப் பிடியைத் திருப்புவதை எந்த வார்டிலும் பார்க்கலாம். ஒரு நோயாளி, ஒரு வேலை, ஒரு ஜோடி. அதே நோயாளியிடம்கூட மலம் துடைத்த கிளவுஸோடு கேனுலாவைத் தொடக் கூடாது. பிபி பார்க்கவும் மாத்திரை கொடுக்கவும் கிளவுஸே தேவையில்லை.

8. எந்த மாஸ்க் எப்போ?

தெறிக்கும் வேலைக்கும் துளி வழி நோய்க்கும் மூன்றடுக்கு சர்ஜிகல் மாஸ்க் போதும். காற்று வழி நோய்க்கு என்95. காசநோய் வார்டில் இது தலைகீழாக நடப்பதுண்டு. இருமுகிற நோயாளிக்குத்தான் சர்ஜிகல் மாஸ்க். அவர் பக்கத்தில் போகும் நமக்கு என்95. மாட்டியதும் இரு கையாலும் மூடி ஊதிப் பாருங்கள்; ஓரத்தில் காற்று கசிந்தால் மூக்குக் கம்பியை மறுபடி அழுத்துங்கள். தாடி இருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் பொருந்தாது.

மாஸ்கை விட ஜன்னல் பெரிய பாதுகாப்பு. எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவைத்த பழைய உயரக் கூரை வார்டில் காசநோய் பரவும் வாய்ப்பு, மூடிய ஏசி அறையைவிடக் குறைவு.

9. பிபிஇ கழற்றும்போது எதை முதல்ல எடுக்கணும்?

பிபிஇ என்பது பாதுகாப்பு உடைத் தொகுதி. போடும்போது: கவுன், மாஸ்க், கண்ணாடி, கடைசியில் கிளவுஸ், அதன் விளிம்பு கவுன் கைக்கு மேல். கழற்றும்போது: முதலில் கிளவுஸ், பிறகு கண்ணாடி, பிறகு கவுன் (உட்புறம் வெளியே வருமாறு சுருட்டி), அறையை விட்டு வெளியே வந்தபின் கடைசியில் மாஸ்க். மாஸ்கின் முன்பக்கத்தைத் தொடாமல் பின் நாடாவைப் பிடித்து எடுக்க வேண்டும். முடிந்ததும் கை சுத்தம். நடுவில் கையில் ஏதாவது பட்டுவிட்டால் அப்போதே. களைப்பில் அவசரமாகக் கழற்றும்போதுதான் தப்பு நடக்கும். பக்கத்தில் ஒருவர் நின்று வரிசையைச் சொல்லிக்கொண்டிருந்தால் நல்லது.

10. கேனுலாவை 3 நாளுக்கு ஒரு தடவை மாத்தியே ஆகணுமா?

பெரியவர்களுக்கு 72 முதல் 96 மணி நேரத்துக்கு முன்னால் வழக்கமாக மாற்றத் தேவையில்லை. பல மருத்துவமனைகளில் இப்போது வலி, சிவப்பு, வீக்கம், கசிவு தெரிந்தால் மட்டும் மாற்றுகிறார்கள். உங்கள் மருத்துவமனை நெறிமுறையைப் பாருங்கள். எதுவானாலும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அவசரத்தில் முறையான சுத்தம் இல்லாமல் போட்டதை 48 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். மருந்து எதுவும் ஓடாமல் ‘இருக்கட்டும்’ என்று விட்டுவைத்த கேனுலாவைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

போடும் இடத்தை ஸ்பிரிட்டோ ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினோ கொண்டு துடைத்து, தானாகக் காய விடுங்கள். ஊதிக் காய வைப்பதும், துடைத்த இடத்தை ‘நரம்பு எங்கே’ என்று மறுபடி விரலால் தடவுவதும் கூடாது. காலையில் ஒரு டப்பா நிறையப் பஞ்சைப் போட்டு ஸ்பிரிட் ஊற்றி நாள் முழுக்க அதிலேயே கைவிட்டு எடுக்கும் வழக்கமும் போக வேண்டும்: ஸ்பிரிட் ஆவியாகிவிடும், விரல் கிருமி உள்ளே தங்கிவிடும். அந்தந்த நேரத்துக்குப் புதிதாக நனைத்தால் போதும். மருந்து செலுத்துமுன் அதை ஏற்றும் வாயை (போர்ட்) ஆல்கஹால் ஸ்வாபால் 15 நொடி அழுத்தித் தேயுங்கள். ரத்தம் ஏற்றிய செட்டை 24 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும்.

11. நடக்கும்போது யூரின் பேக்கை மடியில வச்சுக்கலாமா?

கூடாது. பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே போனால் பையில் நின்ற சிறுநீர் திரும்ப உள்ளே போகும். தரையிலும் படக் கூடாது. ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது பையை நோயாளியின் கால்களுக்கு நடுவே வைத்துத் தள்ளிக்கொண்டு போவது பழகிப்போன தவறு. மாற்றும் அந்தச் சில நிமிடத்துக்குக் குழாயை க்ளாம்ப் செய்து, பையைக் காலி செய்துவிட்டு, ஸ்ட்ரெச்சரின் கீழ்க் கம்பியில் மாட்டி, க்ளாம்பைத் திறக்க மறக்காதீர்கள்.

மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள். ஒவ்வொருவருக்கும் தனி ஜக். ஒரே ஜக்கோடு வரிசையாகப் போனால் ஒருவர் கிருமி எல்லோருக்கும். கதீட்டரையும் பையையும் இணைக்கும் இடத்தைக் கழற்றாதீர்கள். சோதனைக்குச் சிறுநீர் வேண்டுமென்றால் குழாயின் போர்ட்டைத் துடைத்து சிரிஞ்சால் எடுங்கள், பையிலிருந்து வேண்டாம். கதீட்டர் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் பாக்டீரியா சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். அதனால் தினமும் ரவுண்ட்ஸில் ‘இது இன்னும் வேணுமா டாக்டர்?’ என்று கேட்பது, எந்த மருந்துத் தண்ணீரால் கழுவுவதையும்விடப் பலன் தரும்.

12. ஊசி முனையை மாத்தினா ஒரே இன்சுலின் பேனாவை ரெண்டு பேருக்குப் போடலாமா?

ஒருபோதும் கூடாது. குத்தும்போது ரத்தமும் செல்களும் காட்ரிட்ஜுக்குள் திரும்பப் போகலாம். முனையை மாற்றினாலும் உள்ளே போனது அங்கேயே இருக்கும். சிரிஞ்சுக்கும் இதே விதி. பலமுறை எடுக்கும் வயல் (மருந்துக் குப்பி) என்றால் ஒவ்வொரு தடவையும் புது ஊசி, புது சிரிஞ்ச், ரப்பரை ஸ்வாபால் துடைத்து. திறந்த தேதியை எழுதி ஒட்டுங்கள். கம்பெனி வேறு கெடு தரவில்லையென்றால் 28 நாள். எடுக்க வசதியாக ஒரு ஊசியை ரப்பரிலேயே குத்தி விட்டுவைப்பது வயலைத் திறந்துவைப்பதற்குச் சமம்.

13. எந்தக் குப்பை எந்தப் பையில்? தினமும் குழப்பம்.

2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி: ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, மாஸ்க், உடல் உறுப்புப் பகுதி, காலாவதியான மருந்து மஞ்சளில். ஐவி செட், கதீட்டர், யூரின் பேக், ஊசி நீக்கிய சிரிஞ்ச், கிளவுஸ் சிவப்பில். ஊசி, பிளேடு, ஊசியோடு ஒட்டியே வரும் இன்சுலின் சிரிஞ்ச் குத்தினால் துளைக்காத வெள்ளை டப்பாவில். ஆம்ப்யூல், கண்ணாடி வயல் நீலத்தில். சாப்பாட்டு மிச்சம், மருந்து அட்டைப்பெட்டி சாதாரணக் குப்பையில்.

காரணம் தெரிந்தால் மறக்காது. மஞ்சள் எரிக்கப் போகிறது. சிவப்பு கிருமி நீக்கி, நறுக்கி, மறுசுழற்சிக்குப் போகிறது. ஐவி செட்டை மஞ்சளில் போட்டால் பிவிசி எரிந்து டையாக்சின் வரும். பஞ்சைச் சிவப்பில் போட்டால் மறுசுழற்சி கெடும். ஊசியைப் பையில் போட்டால், அதைத் தூக்கும் துப்புரவுப் பணியாளர் கையில் குத்தும். முக்கால் பங்கு நிறைந்ததும் கட்டிவிட வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

14. ஹைப்போ எவ்வளவு கலக்கணும்? ரத்தம் சிந்தினா அப்படியே ஊத்தலாமா?

ஹைப்போ என்பது சோடியம் ஹைப்போகுளோரைட், குளோரின் கிருமிநாசினி. முதலில் கேனில் என்ன சதவீதம் என்று படியுங்கள். 5 சதவீதம் என்றால் 200 மில்லி ஹைப்போவும் 800 மில்லி தண்ணீரும். 10 சதவீதம் என்றால் 100 மில்லியும் 900 மில்லியும். இரண்டிலும் கிடைப்பது 1 சதவீதம். 30 சதவீத பிளீச்சிங் பவுடர்தான் இருக்கிறது என்றால் ஒரு லிட்டருக்கு 33 கிராம் அளவு. தினமும் புதிதாகக் கலக்கி, மூடிவைக்க வேண்டும். வெயிலிலும் வெளிச்சத்திலும் வீரியம் போய்விடும். பழைய கரைசலில் புதிதை ஊற்றி நிரப்பாதீர்கள்.

ரத்தம் சிந்தினால்: கிளவுஸ், அந்த இடத்தை மறித்தல், மேலே உறிஞ்சும் துணியோ காகிதமோ, அதன்மேல் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி 1 சதவீத ஹைப்போ, குறைந்தது 10 நிமிடம். பிறகு அள்ளி மஞ்சள் பையில் போட்டு, இடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். கண்ணாடித் துண்டு இருந்தால் கையால் எடுக்காமல் ஃபோர்செப்ஸ். சிறுநீர்க் குளத்தின்மேல் ஹைப்போவை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். முதலில் துடைத்தெடுத்துவிட்டுப் பிறகு போடுங்கள். டாய்லெட் ஆசிடோடு சேர்க்கவே கூடாது. எஃகுக் கருவியை ஹைப்போவில் ஊறவிட்டால் துருப்பிடிக்கும்.

15. ஊசி குத்திடுச்சு. பிழிஞ்சு ரத்தத்தை வெளியேத்தலாமா?

வேண்டாம். பிழிவது, வாயில் வைத்து உறிஞ்சுவது, ஹைப்போ ஊற்றுவது மூன்றும் திசுவைக் காயப்படுத்தும். சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். கண்ணில் தெறித்தால் சாதாரணத் தண்ணீரிலோ சலைனிலோ நன்றாகக் கழுவுங்கள். லென்ஸ் இருந்தால் அப்படியே கழுவிவிட்டு, பிறகு எடுத்து மறுபடி கழுவுங்கள்.

அடுத்தது, ஷிஃப்ட் முடியும்வரை காத்திராமல் உடனே சொல்வது. எச்ஐவி தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். நோயாளியின் ரிசல்ட் வரட்டும் என்று முதல் டோஸைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. நெகட்டிவ் என்றால் நிறுத்திக்கொள்ளலாம். உங்கள் ரத்தமும் அன்றைக்கே பரிசோதிக்கப்பட வேண்டும்: பின்னால் வந்ததா, முன்பே இருந்ததா என்பதற்கு அதுதான் ஆதாரம். இந்த மருந்தைத் தருவது நிர்வாகத்தின் சலுகை அல்ல. 2017ஆம் ஆண்டு எச்ஐவி, எய்ட்ஸ் சட்டப்படி அதன் கடமை.

பயத்தை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். எச்ஐவி உள்ளவருக்குக் குத்திய ஊசியால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். ஹெபடைடிஸ் பி, தடுப்பூசி போடாதவருக்கு 6 முதல் 30 சதவீதம் வரை. எல்லோரும் முதலாவதையே நினைத்து அழுகிறார்கள். கவலைப்பட வேண்டியது இரண்டாவதுக்கு. அதற்கான தடுப்பூசி 0, 1, 6 மாதங்களில் மூன்று டோஸ், கடைசி டோஸுக்கு 1 முதல் 2 மாதம் கழித்து எதிர்ப்பொருள் சோதனை. அளவு 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு இருக்கிறது. தடுப்பூசி போடாதவர் என்றால் இம்யூனோகுளோபுலினும் (தயாராக உள்ள எதிர்ப்பொருள் ஊசி) தடுப்பூசியின் முதல் டோஸும் கூடிய வரை 24 மணி நேரத்துக்குள். குத்துவதில் பல, ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டும்போது நடப்பவை. மாட்டாமல் நேராக நீடில் கட்டருக்குக் கொண்டுபோங்கள்.

16. ஆட்டோகிளேவ் டேப் கறுத்துடுச்சு. அப்போ ஸ்டெரைல்தானே?

வெளி டேப் சொல்வது ‘இந்தப் பொட்டலம் சூட்டைப் பார்த்தது’ என்பதை மட்டும். உள்ளே நடுவில் நீராவி போனதா என்று அது சொல்லாது. அதற்கு உள்ளே ஒரு இன்டிகேட்டர் ஸ்ட்ரிப் வேண்டும், வாரத்துக்கு ஒரு தடவையாவது ஸ்போர் சோதனை வேண்டும். துணி சுற்றிய பொட்டலத்துக்கு 121 டிகிரியில் 30 நிமிடம் என்பது அந்தச் சூடு வந்தபிறகு எண்ணுவது. டிரம்மை இறுக்கி அடைத்தாலோ, கிண்ணங்களை நிமிர்த்தி வைத்தாலோ காற்று தங்கி நீராவி நுழையாது. டிரம்மின் ஓட்டைகளை உள்ளே வைக்கும்போது திறந்து, எடுத்ததும் மூட வேண்டும். ஈரமாக வந்த பொட்டலம் ஸ்டெரைல் அல்ல. டேப் எவ்வளவு கறுத்திருந்தாலும் சரி.

குளூட்டரால்டிஹைடில் ஊறவைப்பவர்களுக்கு: 2 சதவீதத்தில் 20 நிமிடம் என்பது உயர்தரக் கிருமி நீக்கம் மட்டும், ஸ்போர் சாக 10 மணி நேரம். ரத்தம் ஒட்டிய கருவியைக் கழுவாமல் போட்டால் ரத்தம் அப்படியே உறைந்து ஒட்டிக்கொள்ளும்.

17. அம்மை போட்ட நோயாளி வந்திருக்கார். நான் கர்ப்பமா இருக்கேன், என்ன செய்யணும்?

உங்களுக்கு முன்பே சின்னம்மை வந்திருந்தாலோ இரண்டு டோஸ் தடுப்பூசி போட்டிருந்தாலோ பெரிய கவலை இல்லை. இரண்டும் இல்லையென்றால் அந்த அறைக்குள் போகாமல் டியூட்டியை மாற்றிக் கேளுங்கள். ஏற்கெனவே போய்விட்டீர்கள் என்றால் அன்றைக்கே மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள், நாள் கடத்தினால் இம்யூனோகுளோபுலின் ஊசியின் பயன் குறையும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பணியாளர், நோயாளியைப் பார்த்த 8ஆம் நாளிலிருந்து 21ஆம் நாள்வரை வார்டில் இருக்கக் கூடாது; கொப்புளம் வருவதற்கு 1 முதல் 2 நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும்.

நோயாளியைக் கதவு மூடிய தனி அறையில், வெளி ஜன்னல் திறந்து, எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு கட்டும்வரை வையுங்கள். வீட்டார் வேப்பிலை வைத்தால் சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் அதைக் காரணம் காட்டி மருந்தையும் குளியலையும் நிறுத்தச் சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

18. எம்ஆர்எஸ்ஏ நோயாளிக்குத் தனி அறையே இல்லையே?

இல்லாத இடத்தில் வார்டின் ஓரக் கட்டிலைக் கொடுங்கள். பக்கத்தில் திறந்த காயமோ கதீட்டரோ உள்ளவரைப் போடாதீர்கள். அதே கிருமி இரண்டு பேருக்கு இருந்தால் பக்கத்துப் பக்கத்தில் வைக்கலாம். அவருக்கென்று தனி ஸ்டெத், பிபி கஃப், தெர்மாமீட்டர். கட்டில் கம்பியிலேயே ஹேண்ட்ரப். கவனிக்கப் போகும்போது கவுனும் கிளவுஸும். டிரெஸ்ஸிங் ரவுண்டில் அவர் கடைசி. துடைக்கும்போதும் அவர் இடம் கடைசி, அந்த மாப் வேறெங்கும் போகக் கூடாது. உலர்ந்த துடைப்பத்தால் வார்டைப் பெருக்கினால் கிருமி தூசியோடு கிளம்பும். ஈர மாப் மட்டும்.

19. கதீட்டர் போட்டவருக்கு கல்ச்சர்ல கிருமி வந்திருக்கு, காய்ச்சல் இல்ல. ஆன்டிபயாடிக் தொடங்கணும்தானே?

பெரும்பாலும் வேண்டாம். கல்ச்சரில் (கிருமி வளர்ப்புச் சோதனை) தெரிந்தாலும், கிருமி குடியிருப்பது வேறு, தொற்று வேறு. 11ஆம் பதிலில் சொன்ன கணக்குப்படி, ஒரு மாதம் கதீட்டர் இருந்தால் அநேகமாக எல்லார் சிறுநீரிலும் கிருமி வளரும். காய்ச்சல், குளிர் நடுக்கம், இடுப்பு வலி, புதிதாகக் குழப்பம் எதுவும் இல்லாதபோது மருந்து கொடுத்தால் சிறுநீர் கொஞ்ச நாள் சுத்தமாகத் தெரியும். திரும்ப வரும்போது அந்த மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாக வரும். கர்ப்பிணியும், சிறுநீர்ப் பாதையில் அறுவை நடக்கவிருப்பவரும் விதிவிலக்கு.

முடிவெடுப்பது மருத்துவர். அவருக்குச் சரியான தகவல் தருவது நம் வேலை: சாம்பிள் போர்ட்டிலிருந்து எடுத்ததா பையிலிருந்தா, கதீட்டர் போட்டு எத்தனை நாள், கடைசி 24 மணி நேர வெப்பநிலை, அதை இன்றைக்கு எடுத்துவிட முடியுமா. சிறுநீர் கலங்கலாகவோ நாற்றமாகவோ இருக்கிறது என்பதற்காக மட்டும் கல்ச்சருக்கு அனுப்பாமல் இருந்தால், இந்தக் கேள்வி பாதி தடவை எழவே எழாது.